சுங்கை சிப்புட் மாலை மலாய் வகுப்பு: இலக்கணமும் மொழிபெயர்ப்பும் எங்கே கைகொடுக்கின்றன, எங்கே கைவிடுகின்றன

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் கடைவீதியில், பழைய கடைவரிசை ஒன்றின் மேல்மாடியில் நடக்கும் மாலை மலாய் வகுப்பைப் பற்றிய மதிப்புரை இது. செவ்வாயும் வியாழனும் இரவு ஏழரை முதல் ஒன்பது வரை வகுப்பு. மாதத்துக்கு எட்டு வகுப்பு, 70 வெள்ளி (ரிங்கிட்). அச்சடித்த குறிப்பேட்டுக்குத் தனியாக 15 வெள்ளி. மூன்று மாதத்தில் 24 வகுப்புகள், மொத்தம் 36 மணி நேரம். வருகிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள்: ஆறாம் ஆண்டு முடித்தவர்கள், இடைநிலைப் பள்ளியின் முதல் படிவத்துக்கு முந்தைய புகுமுக வகுப்பில் இருப்பவர்கள். பின்வரிசையில் தமிழ்நாட்டிலிருந்து உணவக வேலைக்கு வந்திருக்கும் நாலைந்து பேர் உட்காருகிறார்கள்.

கற்பிக்கும் வழி பழைய வழி. முதலில் விதி, அடுத்து சொற்பட்டியல், அதன்பின் தமிழ் வாக்கியங்களை மலாய்க்கு மாற்றுவது, கடைசியில் திருத்தம். "இந்தக் காலத்திலும் இப்படியா?" என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். குறிப்பேட்டையும் ஆறு மாணவர்களின் பயிற்சி நோட்டுகளையும் வரிவரியாகப் பார்த்தோம், வகுப்பிலும் உட்கார்ந்து கவனித்தோம். இலக்கணத்துக்காகப் பிள்ளையை இங்கே சேர்க்கலாம், காசு வீண்போகாது. ஆனால் இந்த வகுப்பு மட்டும் போதும் என்று விட்டால், எழுத்தில் தேறிய பிள்ளை கிளினிக் கவுண்டரில் வாய் திறக்காமல் நிற்கும். இரண்டுக்கும் காரணம் இந்த முறைக்குள்ளேயே இருக்கிறது.

முறையின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் அதன் பலமும் பலவீனமும் விளங்கும். ஐரோப்பாவில் லத்தீனும் கிரேக்கமும் கற்பித்த வழி இது. தெருவில் யாரும் பேசாத மொழியைப் படித்துப் பொருள் கொள்வதற்காக வளர்ந்த வழி. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மன் ஆசிரியர்கள் அதை பிரெஞ்சு போன்ற பேச்சுமொழிகளுக்கும் பொருத்தினார்கள். மைடிங்கர் 1783இல் வெளியிட்ட பிரெஞ்சு இலக்கணம் அந்த வரிசையில் முந்தியவற்றுள் ஒன்று. நூறாண்டு கழித்து, 1882இல், வில்ஹெல்ம் ஃபியேட்டர் என்ற ஜெர்மானியரே மொழிப்பாடம் திசைமாற வேண்டும் என்று சிறுநூல் எழுதிப் போர்க்கொடி தூக்கினார். வாயும் காதும் முதலில், எழுத்து அதற்குப் பிறகு என்பது அவர் கட்சி. பெர்லிட்ஸ் என்ற மொழியாசிரியர் அதற்கு முன்பே, 1878இல், அமெரிக்காவின் ப்ராவிடென்ஸ் நகரில் தாய்மொழிக்கு இடமே கொடுக்காத வகுப்பைத் தொடங்கிவிட்டார். நம் மொழியை வெளிநாட்டவர் கற்ற கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலே நகரில் அச்சேறியது. வீரமாமுனிவரும் கொடுந்தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதினார். ஆனால் அந்தச் சீகன்பால்கு, பிள்ளைகளோடு பிள்ளையாக மணலில் விரலால் எழுதி, வாய்விட்டுச் சொல்லித் தமிழ் பழகியவர். இலக்கணப் புத்தகம் அதற்குப் பின்னால் வந்தது. இந்த மாடி வகுப்பில் இல்லாதது அந்த மணல்.

இருப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுவோம். குறிப்பேட்டின் மிகச் சிறந்த பகுதி ஐந்தாம், ஆறாம் வாரங்களில் வரும் 'இம்புஹான்' பாடம், அதாவது ஒட்டுகள். மலாயில் தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் மதிப்பெண் இழக்கும் இடம் அது. வினைச்சொல்லின் முன்னால் ஒட்டும் 'மெ' சில நேரம் 'மெம்', சில நேரம் 'மென்', சில நேரம் 'மெஙெ' என்று வடிவம் மாறும். பள்ளியில் இதை ஒரு அட்டவணையாகத் தந்து மனப்பாடம் செய்யச் சொல்வது வழக்கம். இங்கே ஆசிரியர் தமிழ்ப் புணர்ச்சியிலிருந்து தொடங்குகிறார். மரம் என்பதோடு 'கள்' சேர்ந்தால் மரங்கள். மரம் சாய்ந்தது என்பது மரஞ்சாய்ந்தது. காலம் என்பதோடு 'தான்' சேர்ந்தால் காலந்தான். வருகிற வல்லினத்துக்கு இனமான மெல்லினம் முன்னால் வந்து நிற்கிறது: க-வுக்கு ங, ச-வுக்கு ஞ, த-வுக்கு ந, ப-வுக்கு ம.

மலாயிலும் அதே நான்கு இணைகள். ஒரே வித்தியாசம், மெல்லினம் வந்ததும் அங்கே வல்லினம் மறைந்துவிடுகிறது. 'கீரா' என்றால் எண்ணு. ஒட்டுச் சேர்ந்தால் 'மெஙீரா', க போய் ங நிற்கிறது. பெருக்கு என்னும் 'ஸாப்பு' 'மெஞாப்பு' ஆகிறது. எழுது என்னும் 'தூலிஸ்' 'மெனூலிஸ்', அடி என்னும் 'புக்குல்' 'மெமுக்குல்'. "டீச்சர், ஸாப்புவில் இருந்த ஸா எங்கே போச்சு?" என்று கேட்ட பிள்ளைக்கு, "அதோட அக்கா ஞா வந்து உட்கார்ந்திருச்சு" என்று ஆசிரியர் பதில் சொன்னார். அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகளின் நோட்டுகளில் அதன் பிறகு இந்த நான்கு எழுத்துகளில் தவறு அரிதாகவே வருகிறது. க ச த ப என்ற நான்கையும் வல்லினம் மிகும் இடங்களுக்காகத் தமிழ்ப் பாடத்தில் ஏற்கெனவே படித்தவர்கள் அவர்கள். தெரிந்ததைக் கொண்டு தெரியாததைப் பிடிக்கும் இந்த வேலையைத் தாய்மொழி வழியாகச் செய்வதே எளிது. தமிழ் நுழையாத வகுப்பில் இதே பாடத்துக்கு இன்னும் அதிக நாள் பிடிக்கும்.

விதிவிலக்குகளையும் அதே பாடத்தில் தருகிறார்கள். 'உடைமை' பொருளில் வரும் 'புஞா' 'மெம்புஞாய்' ஆகும்போது ப மறையாது. ஆய்வு செய் என்னும் 'காஜி' 'மெங்காஜி' ஆகும். க-வை மறைத்து 'மெஙாஜி' என்று எழுதினால் குர்ஆன் ஓதுதல் என்ற வேறு பொருள் வந்துவிடும். நிர்வகி என்னும் 'தட்பிர்' போன்ற அரபுவழிச் சொற்களில் த நிற்கும். ஓரசைச் சொல்லாக இருந்தால் 'மெஙெ' சேரும்: சாயம் பூசு என்னும் 'சாட்' 'மெஙெசாட்', துடை என்னும் 'லாப்' 'மெஙெலாப்'. இவ்வளவும் ஒன்றரைப் பக்கத்தில் அடங்கிவிடுகின்றன.

அடுத்த நல்ல பாடம் சொல்வரிசை. இதற்கு ஆசிரியர் வைத்திருக்கும் உத்தி எளிமையானது: தமிழ்த் தொடரில் ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே எண் போட்டு, கடைசி எண்ணிலிருந்து திரும்பி வருவது. 'என், பெரிய அண்ணனின், புது, மோட்டார்' என்பதில் ஒன்று முதல் நான்கு வரை எண் போட்டால், மலாயில் நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று வருகிறது: 'மோத்தோசிக்கால் பஹாரு அபாங் சூலோங் சாயா'. கண்ணாடியில் பார்ப்பதுபோல் அப்படியே திரும்பியிருக்கிறது. 'நேற்று வந்த பையன்' என்ற பெயரெச்சத் தொடரும் அப்படித்தான்: 'பூடாக் யாங் டாத்தாங் செமாலாம்'. நடுவில் சேரும் 'யாங்' நம் பெயரெச்ச விகுதியின் வேலையைச் செய்கிறது என்று சொன்னால் பிள்ளைக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

இந்தத் திருப்பல் எங்கே உடைகிறது என்பதைக் குறிப்பேடு போதிய அளவு சொல்லவில்லை. எண்ணும், அதோடு சேர்ந்து வரும் எண்ணடைச் சொல்லும் ('மூன்று பேர்' என்பதில் வரும் 'பேர்' போன்றது) பெயருக்கு முன்னால்தான் வரும், பின்னால் போகாது. 'மூன்று பெரிய வீடு' என்பதை முழுக்கத் திருப்பினால் தப்பாகிவிடும். 'தீகா புவா ரூமா பெசார்' என்று 'மூன்று' முன்னாலேயே நிற்க வேண்டும், 'பெரிய' மட்டும் பின்னால் போக வேண்டும். 'எல்லா' என்னும் 'செமுவா', 'ஒவ்வொரு' என்னும் 'செத்தியாப்', 'சில' என்னும் 'பெபெராப்பா' ஆகியவையும் முன்னால் நிற்பவை. நாங்கள் பார்த்த ஆறு நோட்டுகளில் நான்கில் இந்தத் தவறு இருந்தது. எண் போடும் உத்தியைக் கற்றுத்தந்த அன்றே, எண்ணுப் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு "இது நகராது" என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

எண்ணடைச் சொற்கள் மனப்பாடம்தான், குறுக்கு வழி இல்லை. தமிழில் ஆட்களை எண்ணும்போது மட்டும் 'மூன்று பேர்' என்கிறோம். மலாயில் ஆட்களுக்கு 'ஓராங்', விலங்குகளுக்கு 'ஏக்கோர்', வீடு, கார், புத்தகத்துக்கு 'புவா', முட்டைக்கு 'பீஜி', மரம், சாலை, ஆறு போல நீண்டவற்றுக்கு 'பாத்தாங்', சட்டைக்கும் தாளுக்கும் 'ஹெலாய்', மோதிரத்துக்கு 'பெந்தோக்', பூவுக்கு 'குந்தும்', கடிதத்துக்கும் துப்பாக்கிக்கும் ஒருசேர 'புச்சோக்'. குறிப்பேட்டில் 20 சொற்கள் இருக்கின்றன. தேர்வுக்கு அது போதும்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு மலாயில் சில இடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த வகுப்பு அதைக் கண்டுகொண்டிருக்கிறது. 'கீத்தா' என்றால் நாம், 'காமி' என்றால் நாங்கள். கேட்பவரைச் சேர்த்தா, சேர்க்காமலா என்ற வேறுபாடு ஆங்கிலத்தில் கிடையாது. நம் பிள்ளைக்கு அது பாலர் பள்ளிக்கு முன்பே தெரியும். எதிர்மறைச் சொற்களும் அப்படித்தான். 'புக்கான்' என்பது அல்ல, 'தியாடா' என்பது இல்லை, 'ஜாஙான்' என்பது செய்யாதே, 'பெலும்' என்பது இன்னும் இல்லை. 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்டால் நாமும் 'இன்னும் இல்லை' என்றுதான் சொல்வோம். 'சூடா மாக்கான்?' என்ற கேள்விக்கு 'தீடாக்' என்று சொல்லாமல் 'பெலும்' என்று சொல்ல வேண்டும் என்பது அதிலேயே வந்துவிடுகிறது. அல்ல, இல்லை என்ற வேறுபாடு பேச்சுத் தமிழில் தேய்ந்துவிட்டதால், எழுத்துத் தமிழை நினைவூட்டிய பிறகே இந்தப் பாடம் ஒட்டுகிறது. ஆசிரியர் அதைச் செய்கிறார்.

எதிர்ப்பக்கம், நான்காம் வேற்றுமை. தமிழில் ஒரு 'கு' உருபு செய்யும் வேலையை மலாயில் நான்கைந்து சொற்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அம்மாவுக்குக் கொடுத்தேன் என்றால் 'கெப்பாடா'. ஈப்போவுக்குப் போனேன் என்றால் 'கெ'. எட்டு மணிக்கு என்றால் 'பாடா'. தங்கைக்கு வாங்கிய சட்டை என்றால் 'உந்தோக்'. எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும் என்றால் உருபே கிடையாது, 'சாயா லாப்பார்', 'சாயா தாஹு', அவ்வளவுதான். 'உந்தோக் சாயா தாஹு' என்று எழுதும் பிள்ளை சோம்பேறிப் பிள்ளை அல்ல. குறிப்பேட்டின் சொற்பட்டியலில் 'கு = உந்தோக்' என்று ஒரே வரியில் போட்டிருக்கிறார்கள். அதை நம்பி எழுதிய பிள்ளை அது. இந்த ஒரு வரியை வெட்டிவிட்டு, மேலே சொன்ன ஆறு எடுத்துக்காட்டுகளையும் அப்படியே ஒரு பக்கமாக அச்சடித்தால் பாதித் தவறு குறையும்.

சொற்பட்டியல்தான் இந்த வகுப்பின் மிகப் பெரிய ஓட்டை. வகுப்புக்கு 25 சொற்கள், இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலாய், அடுத்த வகுப்பில் ஒப்பிக்க வேண்டும். 'போடு' என்பதற்கு எதிரே 'லெத்தாக்' என்று இருக்கிறது. தமிழில் நாம் எதைத்தான் போடுவதில்லை? சட்டை போடுகிறோம், சத்தம் போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், கோலம் போடுகிறோம், தூண்டில் போடுகிறோம். மலாயில் சட்டைக்கு 'பாக்காய்', சத்தத்துக்கு 'புவாட் பீசிங்', கையெழுத்துக்கு 'தண்டாதாஙான்', கோலத்துக்கு 'லூகிஸ்', தூண்டிலுக்கு 'மெமாஞ்சிங்'. ஒன்றில்கூட 'லெத்தாக்' வராது. 'அடி' என்ற சொல்லும் இதே வகை. காய்ச்சல் அடிக்கிறது என்பதை 'டெமாம் புக்குல்' என்று ஒரு நோட்டில் பார்த்தோம். சொல்லுக்குச் சொல் என்ற பட்டியலை மாற்றி, தொடருக்குத் தொடர் என்று பட்டியல் போட வேண்டும். 25 தனிச்சொற்களுக்குப் பதில் 12 தொடர்கள் போதும். பிள்ளையின் சுமையும் குறையும்.

கடன்சொற்களும் ஏமாற்றும். 'கெடாய்' நம் கடை, 'காப்பால்' நம் கப்பல், 'காத்தில்' நம் கட்டில், 'மோடால்' நம் முதல். இவற்றைச் சொல்லி ஆர்வமூட்டுவது நல்லது. ஆனால் 'சூமா' நம் சும்மாவிலிருந்து போனாலும் அங்கே அதற்கு 'மட்டும்' என்று பொருள். சமஸ்கிருதவழி வந்த 'சுவாமி' கணவரைக் குறிக்கும். பொருள் மாறியவற்றைத் தனி நிறத்தில் அச்சடிக்கலாம்.

மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கும் தமிழ் வாக்கியத்தின் தரத்தையும் கவனிக்க வேண்டும். 'அந்தப் புத்தகம் என்னால் படிக்கப்பட்டது' என்று பயிற்சியில் ஒரு வாக்கியம். எந்தத் தமிழ்ப் பிள்ளையும் அப்படிப் பேசுவதில்லை. அதை மொழிபெயர்க்கும் பிள்ளை 'புகு இத்து டிபாச்சா ஓலே சாயா' என்றுதான் எழுதும். தன்மை, முன்னிலை இடங்களில் மலாய் இலக்கணம் அதை ஏற்காது. 'புகு இத்து சாயா பாச்சா' என்பதே சரி. வேடிக்கை என்னவென்றால், 'அந்தப் புத்தகத்தை நான் படித்தேன்' என்ற இயல்பான தமிழின் வரிசையும் அதுதான். நல்ல தமிழைக் கொடுத்திருந்தால் சரியான மலாய் தானே வந்திருக்கும். 'டி... ஓலே' என்ற வடிவம் படர்க்கைக்கு உரியது என்பதை ஒரு வரி எழுதிச் சேர்க்க வேண்டும். 'இயாலா', 'அடாலா' பாடத்திலும் இதே குறை. பெயர்த்தொடருக்கு முன் 'இயாலா', பெயரடைக்கோ முன்னிடைச் சொல் ('கெப்பாடா', 'உந்தோக்' போன்றவை) தொடருக்கோ முன் 'அடாலா' என்று விதியைச் சரியாகவே தந்திருக்கிறார்கள். ஆனால் 'என் அப்பா லாரி ஓட்டுநர்' என்பதை இரண்டும் இல்லாமல் 'பாப்பா சாயா பெமாண்டு லோரி' என்று எழுதினாலும் மலாயில் சரிதான். அப்படி எழுதிய பிள்ளைக்குச் சிவப்பு மையில் குறுக்குக் கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோடு தவறு.

இனி எழுத்து. நாங்கள் இந்த மதிப்புரையில் மலாய்ச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறோம், வாசிக்கிறவர்கள் பெரியவர்கள், ரூமி (மலாயை ரோமன் எழுத்தில் எழுதும் வடிவம்) தெரிந்தவர்கள். பிள்ளைகளின் குறிப்பேட்டிலும் மலாயைத் தமிழ் எழுத்தில் மட்டும் அச்சடித்திருப்பதுதான் பெரும் சிக்கல். 'பல்' என்பதில் வரும் ப ஒன்று, 'தம்பி' என்பதில் வரும் ப வேறு. தமிழில் இடம் பார்த்து ஒலி மாறும், எழுத்து மாறத் தேவையில்லை. மலாயில் இரண்டும் தனித்தனி எழுத்து, சொல்லின் முதலில் இரண்டுமே வரும். 'பாகி' என்று தமிழில் எழுதினால் அது காலைப்பொழுதா, கொடு என்பதா? 'காலி' என்றால் தடவையா, தோண்டு என்பதா? 'டாமான்சாரா', 'தாமான்' என்று நம் நாளிதழ்கள் எழுதுவதுபோல் ட, த இரண்டையும் வைத்து ஓர் இணையைச் சமாளிக்கலாம். ச, ஸ இரண்டையும் வைத்து இன்னொன்றையும் சமாளிக்கலாம், குறிப்பேடு அதைக்கூட ஒரே சீராகச் செய்யவில்லை. ப-வுக்கும் க-வுக்கும் வழியே இல்லை.

இதனால் உச்சரிப்பு மட்டும் கெடவில்லை, ஆசிரியர் அருமையாகக் கற்பித்த அந்த க ச த ப விதியும் சேர்ந்து கெடுகிறது. வல்லொலி ப தான் மறையும். 'தம்பி'யில் வரும் மெல்லொலி ப மறையாது. அணிந்துகொள் என்னும் 'பாக்காய்' 'மெமாக்காய்' ஆகும். வாசி என்னும் 'பாச்சா' 'மெம்பாச்சா' ஆகும். குறிப்பேட்டில் இரண்டும் ஒரே ப-வில் தொடங்குகின்றன. எது மறையும், எது நிற்கும் என்று பிள்ளை எதைப் பார்த்துத் தீர்மானிக்கும்? தோண்டு என்னும் 'காலி' 'மெங்காலி' ஆவதும், எண்ணு என்னும் 'கீரா' 'மெஙீரா' ஆவதும் அதே குழப்பம். நோட்டுகளில் எஞ்சியிருக்கும் ஒட்டுப் பிழைகளில் ஏறக்குறைய எல்லாமே ப-வும் க-வும்தான், த-வில் ஒன்றுகூட இல்லை. நோயின் வேர் எங்கே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். குறிப்பேட்டை ரூமியில் அச்சடித்தே ஆக வேண்டும்.

தமிழ் எழுத்து உதவும் இடம் ஒன்று உண்டு. ரூமியில் ஒரே எழுத்தால் எழுதும் இரண்டு 'எ' ஒலிகளை அது பிரித்துக் காட்டும். போரும் பழுப்பு நிறமும் ரூமியில் ஒரே மாதிரி இருக்கும். தமிழில் 'பெராங்' என்றால் போர், 'பேராங்' என்றால் பழுப்பு என்று எழுதிக் காட்டலாம். புதர் 'செமாக்', சரிபார் 'சேமாக்'. இப்படிப்பட்ட சொற்களுக்கு மட்டும் ரூமிக்குப் பக்கத்தில் பென்சிலால் தமிழில் எழுதிக்கொள்வது நல்ல பழக்கம்.

திருத்தும் விதத்தில் உழைப்பு தெரிகிறது, பலன் குறைகிறது. ஆசிரியர் ஒவ்வொரு நோட்டையும் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சிவப்பு மையில் சரியான வடிவத்தை எழுதித் தருகிறார். பிள்ளை மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுகிறது. இங்கே நாங்கள் பரிந்துரைப்பது 1570இல் அச்சான நூலொன்றில் ரோஜர் ஆஸ்கம் என்ற ஆங்கில ஆசிரியர் விவரித்த இரட்டை மொழிபெயர்ப்பு. மாணவன் லத்தீன் பத்தியைத் தாய்மொழியில் எழுதுவான். மூலத்தை எடுத்து மறைத்துவைத்து, சற்று நேரம் கழித்துத் தன் மொழிபெயர்ப்பிலிருந்து மீண்டும் லத்தீனுக்குக் கொண்டுவருவான். பிறகு மூலத்தோடு ஒப்பிடுவான். இங்கே செய்வதானால் எட்டு வரி கொண்ட நல்ல மலாய்ப் பத்தி ஒன்று போதும். செவ்வாயன்று தமிழுக்கு, வியாழனன்று அந்தத் தமிழிலிருந்து மலாய்க்கு. ஒரு வரி விட்டு ஒரு வரி எழுத வேண்டும், திருத்த இடம் வேண்டும். ஒப்பிடும்போது பிள்ளையே ஓரத்தில் குறி போட வேண்டும்: ஒட்டுப் பிழைக்கு 'ஒ', வரிசைப் பிழைக்கு 'வ', எண்ணடைக்கு 'எ', உருபுக்கு 'உ'. நான்கு வாரத்தில் எந்த எழுத்து அதிகம் வருகிறதோ அதுதான் அந்தப் பிள்ளையின் பாடம். கடையில் வாங்கும் எந்த மலாய்ச் சிறுவர் இதழிலிருந்தும் இந்தப் பத்தியை எடுக்கலாம். மூலம் மலாயர் எழுதிய மலாயாக இருப்பதால், செயற்கைத் தமிழ் வாக்கியங்களின் தொல்லையும் தீரும்.

பேச்சு. தொண்ணூறு நிமிட வகுப்பை நேரம் பிரித்துப் பார்த்தோம். ஒப்பிக்க 20 நிமிடம், விதிக்கு 25, எழுத 30, திருத்த 15. ஒரு பிள்ளை தன் வாயால் மலாயில் முழு வாக்கியம் சொல்வது இரண்டோ மூன்றோ முறை, அதுவும் எழுதியதை வாசிப்பது. எழுத்து மலாய்க்கும் பேச்சு மலாய்க்கும் உள்ள தூரம் இந்தக் குறையைப் பெரிதாக்குகிறது. வகுப்பில் 'தீடாக்', 'ஹெண்டாக்', 'சூடா', 'பகைமானா'. வெளியே 'தாக்', 'நாக்', 'டா', 'மாச்சாம் மானா'. "நாக் அப்பா, டிக்?" என்று கடைக்காரர் கேட்டால், 'ஹெண்டாக்' என்பதன் சுருக்கம்தான் 'நாக்' என்று தெரியாத பிள்ளை விழிக்கும். இடைநிலைப் பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வின் மலாய்ப் பாடத்தில் பேச்சுத் தேர்வும் இருக்கிறது. மலாயில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. ஆகவே இது வெறும் பேச்சுச் சாமர்த்தியத்தின் கதை அல்ல.

சரிசெய்ய வகுப்பைக் கலைக்கத் தேவையில்லை. ஒப்பிக்கும் 20 நிமிடத்தை எடுத்தால் போதும். இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் தமிழில் கேட்க மற்றவர் மலாயில் சொல்ல வேண்டும், நோட்டு மூடியிருக்க வேண்டும். வாரத்துக்கு ஓர் இடம்: கிளினிக் கவுண்டர், பேருந்து, பசார், பள்ளி அலுவலகம். இடத்துக்கு ஆறு வாக்கியம், எழுத்து வடிவமும் பேச்சு வடிவமும் அருகருகே. இதுவும் மொழிபெயர்ப்புதான், வாயால் செய்யும் மொழிபெயர்ப்பு.

பின்வரிசையில் இருக்கும் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இந்த வகுப்பை இப்போதைய வடிவில் பரிந்துரைக்க மாட்டோம். அவர்களுக்கு உடனே வேண்டியது மேசையில் ஆர்டர் எடுக்கும் மலாய், பணம் எண்ணும் மலாய். 'மெஞாப்பு'வும் 'மெமுக்குல்'லும் பிறகு வரட்டும். தேசியப் பள்ளியில் படித்துத் தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கும் பொருந்தாது. மூலமொழியே தமிழ் என்பதால், தமிழில் வேற்றுமை, பெயரெச்சம் தெரிந்த பிள்ளைக்குத்தான் 70 வெள்ளிக்கு முழுப்பலன்.

அறை நன்றாக இருக்கிறது, வெளிச்சம் போதும், ஓர் அமர்வில் 18 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. மாடிப்படி செங்குத்தானது, தாத்தா பாட்டியை அழைத்துவர வேண்டாம். வியாழன்களில் கீழே வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கடினம்.

சேர்ப்பதாக இருந்தால் குறிப்பேட்டோடு கூடவே 80 பக்கப் பயிற்சி நோட்டு ஒன்று வாங்கிக்கொடுங்கள். குறிப்பேட்டில் வரும் ஒவ்வொரு மலாய்ச் சொல்லையும் அன்றிரவே ரூமியில் அதில் எழுதச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் அரசின் மலாய் மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாக்காவின் இணைய அகராதியில் பார்க்கலாம், கட்டணம் இல்லை. வேர்ச்சொல்லைத் தட்டினால் விளக்கத்தோடு அதன் ஒட்டு வடிவங்களும் வரும். முதலில் ப-விலும் க-விலும் தொடங்கும் சொற்களைச் சரிபாருங்கள்.